பில் போடும்போது நம்பர் கேட்டால்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுத்தபோது, பில் போடும் பையன் தலை நிமிராமல் "நம்பர் சொல்லுங்க ஆச்சி" என்றான். சொல்லித் தொலைத்தேன். அந்த வாரமே லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று ஒரே போன். ஒருநாள் பேசிவிட்டு வருவதற்குள் அடுப்பில் ஒரு குழிப் பணியாரம் கரியாகிவிட்டது.

சரி, இந்த விளம்பர போன், மெசேஜ் தொல்லையை நிறுத்த வேண்டுமா? 'ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண்ணுக்கு போன் செய்தும் பதியலாம். வங்கி ஓடிபி நிற்காது, பயப்பட வேண்டாம். அதன்பிறகும் விளம்பர அழைப்பு வந்தால் 1909-லேயே புகார் கொடுக்கலாம். 140-இல் தொடங்கும் எண்ணென்றால் விளம்பரம்தான், எடுக்கவே வேண்டாம்.

அப்புறம், நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023-லேயே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் "நம்பர் வேண்டாம் தம்பி, பில்லை மட்டும் குடு" என்கிறேன். முகத்தைச் சுளித்தாலும் கொடுத்துவிடுகிறார்கள்.