மினிவேனின் ரன்-ஃபிளாட் டயரிலிருந்து சாதாரண டயருக்கு மாறுவது எப்படி?

நான்கு சக்கர இயக்கம் கொண்ட மினிவேன் வைத்திருப்பவர்களில் பலர், முதன்முறையாக டயர் மாற்றப் போகும்போதுதான் தங்கள் வண்டியில் இருப்பது, காற்று போன பின்னும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் என்பதை அறிகிறார்கள். சாதாரண டயரைக் காட்டிலும் அதன் விலை கூடுதல். மினிவேனுக்கான அளவில் அது கடைகளில் கையிருப்பில் இருப்பதும் அரிது. ஓர் ஆணி குத்தினால்கூடப் பஞ்சர் ஒட்ட மறுத்துப் புது டயர் வாங்கச் சொல்லும் கடைகளே அதிகம். எங்கள் டொயோட்டா சியன்னாவில் அந்த டயர்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர்களுக்கு மாறியபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றும் முறை வண்டியின் கையேட்டிலேயே படத்துடன் இருக்கும் என்பதால் அதை விளக்கப்போவதில்லை.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 2020 வரையிலான நான்கு சக்கர இயக்க சியன்னாக்களில், பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டும், இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலும் வண்டியின் அடியில் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதனால் ஸ்டெப்னி வைக்க இடமில்லாமல் போனது, அதற்கு ஈடாகவே ரன்-ஃபிளாட் டயர் பொருத்தப்பட்டது. ஆகவே அந்த டயருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை, உண்மையில் ஸ்டெப்னி செய்ய வேண்டிய வேலைக்கான விலை. டயரை மட்டும் மாற்றிவிட்டு அந்த வேலையை யார் செய்வது என்று முடிவு செய்யாமல் விட்டால், நடுவழியில் குடும்பத்துடன் நிற்க நேரிடும்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை?

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அருகே சில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷலின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் அல்லது இஎம்டி, டன்லப்பின் பழைய டயர்களில் டிஎஸ்எஸ்டி. இவை எல்லாமே பக்கச்சுவரைத் தடிப்பாக்கி, காற்று முழுவதும் போன பின்னும் வண்டியின் எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பொதுவாகக் காற்றில்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் வரை போகலாம் என்பது இவற்றின் கணக்கு. ஆனால் எட்டுப் பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் அந்த எல்லை வரை போய்ப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2005இல் வந்த ஹோண்டா ஒடிஸியின் டூரிங் வகையை வைத்திருப்பவர்கள் இங்கேயே நிற்க வேண்டும். அதில் இருப்பது மிஷலினின் பாக்ஸ் முறை. டயருக்குள்ளே தாங்கு வளையம் ஒன்று இருக்கும், காற்றில்லாமல் 200 கி.மீ. வரை ஓடும், ஆனால் அதன் ரிம்மே வேறு வடிவம் என்பதால் சாதாரண டயர் அதில் ஏறாது. அவர்கள் ரிம்மையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். பாக்ஸ் டயரைக் கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும் என்பதாலும், அந்த முறையை மேம்படுத்தும் பணியை மிஷலினே பின்னர் கைவிட்டதாலும், அந்த மாற்றம் தள்ளிப்போடக் கூடியதன்று.

படி 2: மாற வேண்டுமா, வேண்டாமா?

சாலை ஓரத்தில் தாமே சக்கரம் மாற்ற முடியாதவர்களும், ஒதுங்க இடமில்லாத விரைவுச் சாலைகளில் சிறு குழந்தைகளுடன் தனியாக வண்டி ஓட்டுபவர்களும் ரன்-ஃபிளாட்டிலேயே இருப்பது நல்லது. அவர்களுக்கு அந்த விலை வீணாகாது. மற்றவர்கள் பின்வரும் கணக்கைப் பார்க்கலாம்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் நான்கு டயர்களின் டிரெட் (தரையைத் தொடும் பகுதியின் பள்ளங்கள்) ஆழமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பொதுவாக அனுமதிக்கப்படும் வேறுபாடு 1.6 மி.மீ. அளவுதான். புது டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. டிரெட் இருக்கும், உங்கள் டயர்கள் 4 மி.மீ. வரை தேய்ந்திருந்தால், ஒரே ஒரு டயரைப் புதிதாகப் போட முடியாது. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட் டயரின் உட்புறம் எவ்வளவு சேதமடைந்தது என்பதை வெளியிலிருந்து கண்டறிய முடியாததால், பல உற்பத்தியாளர்கள் அதைச் சரிசெய்ய அனுமதிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பாதி ஆயுளில் ஓர் ஆணி குத்தினால் நான்கு டயர்களும் மாற்ற வேண்டியதாகிவிடலாம். சாதாரண டயரிலோ, டிரெட் பகுதியில் 6 மி.மீ.க்கு உட்பட்ட துளையை, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்துவிடலாம். என்னை மாற வைத்தது டயரின் விலையைவிட இந்தக் கணக்குதான்.

படி 3: ஸ்டெப்னியைத் தேர்ந்தெடுப்பது

டயர் வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். மொத்தச் செய்முறையிலும் எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டெப்னி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும். சியன்னாவுக்கு ஐந்து துளைகள், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. நடுத்துளையின் அளவு 60.1 மி.மீ. இவை பொருந்தினால் ரிம் ஏறிவிடும் என்றே தோன்றும், ஆனால் இன்னும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, பிரேக் கேலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. சிறிய ஸ்டெப்னி ரிம்மின் உட்புறம் பிரேக்கில் இடிக்கக்கூடும். முன் சக்கரத்தின் பிரேக் பெரியது என்பதால் அங்கேதான் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டிய பின் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல் சுழன்றால்தான் அந்த ரிம் உங்களுக்கு உதவும்.

இரண்டாவது, சுற்றளவு. பலரும் தவறவிடுவது இதைத்தான். எங்கள் வண்டியின் டயர் அளவு 235/55 ஆர்18. அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 129 மி.மீ. மேலும் கீழுமாக அதை இருமுறை கூட்டி, 18 அங்குல ரிம்மின் 457 மி.மீ.யையும் சேர்த்தால் விட்டம் 716 மி.மீ. ஆகிறது, சுற்றளவு 2248 மி.மீ. இனி 155/80 அளவில் 17 அங்குல ஸ்டெப்னி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே கணக்கில் அதன் சுற்றளவு 2136 மி.மீ.தான். ஒரு கிலோமீட்டருக்கு மற்றச் சக்கரங்கள் 445 முறை சுற்றும்போது இது 468 முறை சுற்றும். அந்த 23 சுற்றுகளின் வேறுபாட்டை டிஃபரென்ஷியலும் முன்பின் இணைப்பும்தான் தாங்கிக்கொள்ள வேண்டும், அப்போது அவை சூடேறும். 155/90 அளவில் 17 அங்குலம் என்றால் சுற்றளவு 2233 மி.மீ. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பார்வைக்கு இரண்டு ஸ்டெப்னிகளும் ஒன்றுபோலவே இருக்கும், பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படித்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

முன் சக்கர இயக்க மினிவேனில் இந்த நெருக்கடி குறைவு. சிறிய ஸ்டெப்னியைப் பின்பக்கம் மாட்டி, பின்பக்க நல்ல சக்கரத்தை முன்னால் கொண்டுவந்தால் போதும். நான்கு சக்கர இயக்கத்தில் அந்த வழி இல்லை. இடம் கிடைத்தால் முழு அளவு ஸ்டெப்னியே என் தேர்வு. அதே அளவு ரிம்மில் அதே வகை டயரைப் போட்டுவிட்டால் கணக்குக்கே வேலையில்லை. சிறிய ஸ்டெப்னி என்றால் அதன் காற்றழுத்தம் வழக்கமாக 60 பிஎஸ்ஐ, வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. மற்ற டயர்களுக்கு அடிக்கும் 35 பிஎஸ்ஐ அதற்குப் போதாது.

எங்கே வைப்பது? மூன்றாவது இருக்கைக்குப் பின்னால் உள்ள ஆழமான குழிதான் இயல்பான இடம். அங்கே வைத்தால் அந்த இருக்கையை மடக்கித் தரையோடு தரையாக்க முடியாது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் வண்டியின் உடலோடு சேர்ந்த கொக்கியில் ராட்செட் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாத சக்கரம் மோதலின்போது முன்னால் இருப்பவர்கள் மேல் பாயும், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள்.

படி 4: டயர் வாங்குதல்

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அளவு அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின் வரும் சுமை எண்ணைக் கவனியுங்கள்: 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். மினிவேன் ஆள் ஏற்றும் வண்டி, குடும்பம் முழுவதும் ஏறும் நாளில்தான் அந்த எண்ணுக்கு வேலை. பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கிலும் அதைப் பார்த்து வாங்குங்கள்.

ரன்-ஃபிளாட் இரண்டும் சாதாரண டயர் இரண்டுமாகக் கலக்க வேண்டாம். பக்கச்சுவரின் விறைப்பு வேறுபடுவதால் வளைவுகளில் வண்டியின் போக்கு மாறும். நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

படி 5: கடையில்

ரன்-ஃபிளாட்டின் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் அதை ரிம்மிலிருந்து கழற்றத் துணைக் கை பொருத்திய இயந்திரம் வேண்டும். அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரிம்முக்குள் இருக்கும் காற்றழுத்த உணரிகள் இந்த வேலையில் எளிதில் உடையும். அவற்றின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரைதான் வரும், மாற்றவும் முடியாது. வண்டி பழையதென்றால் டயர் கழன்றிருக்கும்போதே உணரிகளையும் மாற்றிவிடுவது மேல். நட்டுகளை ஏர் கன்னோடு விட்டுவிடாமல் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். சியன்னாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 6: வண்டியில் வைக்க வேண்டியவை

ஸ்டெப்னி இல்லாமல் வந்த வண்டியில் ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் 2 டன் தாங்கும் ஜாக்கி ஒன்று வாங்குங்கள். வண்டியின் அடிவிளிம்பில் உள்ள ஜாக்கி வைக்கும் இடத்தில் பொருந்தும் தலை அதற்கு இருக்க வேண்டும். காற்று இறங்கிய நிலையில் அது அடியில் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். மடக்கு ஸ்பேனரைவிடச் சிலுவை வடிவ ஸ்பேனர் எனக்குப் பிடிக்கும், இரு கைகளாலும் விசை கொடுக்கலாம். காற்றடிக்கும் பம்ப்பில், 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுவதைத் தவிர்த்து, நேராக பேட்டரியில் கவ்வும் வகையை வாங்குங்கள். அது வேகமானது, ஃபியூஸைப் போக்காது. துளையடைக்கும் திரவத்தைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் கிழிசலுக்கு அது உதவாது, உணரியையும் கெடுக்கலாம், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு டயர் மாற்றிய ஒருவர், ஸ்டெப்னி மாட்டியதும் காற்றழுத்த விளக்கு அணையாமல் எரிவதாக எழுதியிருந்தார். சிறிய ஸ்டெப்னியில் உணரி இருக்காது என்பதால் அது இயல்புதான். முழு அளவு ஸ்டெப்னி வைப்பவர்கள் அதிலும் உணரி போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ரன்-ஃபிளாட்டிலேயே தொடர முடிவு செய்த இன்னொருவர், டயரைக் கண்ணால் பார்த்தே காற்று இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாதா என்று கேட்டிருந்தார். முடியாது. காற்று பாதியாகக் குறைந்தாலும் விறைப்பான அந்தப் பக்கச்சுவர் பிதுங்காது. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புது இலகு ரக வண்டிகள் அனைத்திலும் கட்டாயமான எச்சரிக்கை விளக்கும், குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால்தான் எரிந்தாக வேண்டும் என்பது விதி. அதாவது 35 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 27 பிஎஸ்ஐயில் விளக்கே எரியாமல் ஓடக்கூடும். ஆகவே மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில், அழுத்தமானியை வைத்து நான்கையும் அளந்துவிடுங்கள். எண்ணைத் தெளிவாகக் காட்டும் டிஜிட்டல் மானியே இதற்கு ஏற்றது.