பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள்

போன வாரம் ஒரு பையனுக்கு மலைப்பாதையில் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஏற்றம் முடிந்து இறக்கம் ஆரம்பித்ததுதான் தாமதம், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான், அதாவது எந்த கியரிலும் இல்லாத நிலைக்கு. "பெட்ரோல் மிச்சம்ணே" என்று சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டக் கற்ற புதிதில் நானும் இதையேதான் செய்தேன்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க டயரில் காற்றுப் பாருங்கள், டிக்கியைக் காலி செய்யுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விடுங்கள். மிச்சம் என்று நம்பிச் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

இறக்கத்தில் நியூட்ரல்

இது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவி) காலத்துப் பழக்கம். அந்த வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், இன்ஜின் சுழலும் வரை கொஞ்சம் எரிபொருளை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் அன்றைக்கு நியூட்ரலில் ஓரளவு லாபம் இருந்தது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டி வேறு மாதிரி. கியரில் ஓடும்போது காலை முழுதாக எடுத்தால், வண்டியின் கணினி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் எரிபொருள் தேவைப்படாது. நியூட்ரலில் போட்டுவிட்டால் அந்த இணைப்பு அறுந்துபோகும். இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கத் தானாகவே பெட்ரோல் குடிக்கும். சும்மா ஓடும் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

நம்பாவிட்டால், உடனடி மைலேஜ் காட்டும் திரையைப் பாருங்கள். கியரில் இறங்கும்போது எண் உச்சத்தில் போய் நிற்கும். நியூட்ரலுக்குத் தள்ளியதும் இறங்கிவிடும்.

இதெல்லாம் தெரியாமல், நான் ஒருமுறை ஒரு மலை முழுக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கருகல் வாடை. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ ஓரம் கட்டி, சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர், "ஊத்தாதப்பா, பிரேக் டிஸ்க் வளைஞ்சிடும்!" என்று கத்தினார். அதற்குள் அரை பாட்டில் போயிருந்தது. டிஸ்க், பேட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிய பில்லுக்குப் பல மாதப் பெட்ரோல் போட்டிருக்கலாம்.

நான் கிளம்பக் காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னதை இன்றுவரை எல்லாருக்கும் சொல்கிறேன்: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறும்.

சரி, நீண்ட லேசான சரிவில் நியூட்ரலில் உருண்டால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்துக்கு வேகம் எடுக்க வேண்டி வந்தால் கியர் கையில் இருக்காது. அந்தச் சொட்டுப் பெட்ரோலுக்காக எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்ஜினையே அணைத்து உருட்டுவது

கூடவே கூடாது. பிரேக்குக்கு இன்ஜின் தரும் உதவி நின்றுபோவதால், இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாக இறுகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும், சாவியை உருவினால் பூட்டிக்கொள்ளும்.

எப்போதும் மேல் கியர்

மேல் கியரில் பெட்ரோல் குறையும் என்பது சரிதான். அதற்காக 30 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரா? வண்டி முனகி நடுங்கும். பிறகு ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிப்பீர்கள், மிச்சமெல்லாம் அங்கே போய்விடும்.

காலையில் நின்றபடி இன்ஜினைச் சூடேற்றுவது

அரை நிமிடம் போதும். மற்ற சூடு மெதுவாக ஓட்டும்போது வரும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம்

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பார்கள். வாங்காதீர்கள்.

ஒரே டேங்க்கை வைத்து மைலேஜ் சொல்வது

திரை காட்டும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டேங்க்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே பம்பில், பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி (நாசில்) தானாக நிற்கும்வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை அப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை வந்த எண்ணை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதையும் நான் செய்திருக்கிறேன்.