சோலைப் பறவைகளின் மரபு மரத்தை வீட்டுக் கணினியில் வரைவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளில் தரையோரம் இரை தேடித் திரியும் நீலநிறச் சிறு பறவைகளை அறிஞர்கள் வெகுகாலம் பிராக்கிப்டெரிக்ஸ் பேரினத்திலும், பின்னர் மயோமெலாவிலும் சேர்த்து வைத்திருந்தனர். இவை இரண்டிலும் சேராதவை, ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குள் தனிக்கிளையாகப் பிரிந்தவை என்று மரபணு ஒப்பீட்டின் வழியே காட்டிய ஆய்வு 2017இல் வெளியாகி, சோலிகோலா என்னும் புதுப் பேரினத்தை நிறுவியது. எந்த இனம் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் மரபு மரத்தை வரைந்து, அந்த முடிவை ஓரளவுக்கு நாமே சோதித்துப் பார்க்கலாம். பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை. அனுமதியின்றிப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜென்பேங்க் தரவுத்தளத்தில் டி.என்.ஏ வரிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பேரினத்தின் பெயரைத் தேடி, எல்லா இனங்களுக்கும் பொதுவாக எந்த மரபணு பதிவாகியுள்ளது என்று முதலில் பாருங்கள். பறவைகளில் சைட்டோகுரோம்-பி, என்.டி-2 ஆகிய மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களே (செல்லின் உட்கருவுக்கு வெளியே, ஆற்றல் தரும் உறுப்பில் இருப்பவை) பெரும்பாலும் அகப்படும். சோலிகோலாவோடு சயோர்னிஸ் நீல ஈப்பிடிப்பான்களையும், பழைய வகைப்பாட்டைச் சோதிக்க உண்மையான பிராக்கிப்டெரிக்ஸ் ஒன்றையும், மரத்துக்கு வேர் காட்டும் புறக்குழுவாகச் செந்தலைப் பூங்குருவி போன்ற வேறு குடும்பத்துப் பறவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியக மாதிரி எண்ணுடன் உள்ள பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். இனத்தையே தவறாக அடையாளம் கண்டு பதிந்தவையும் தரவுத்தளத்தில் உண்டு.

அடுத்தது, வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரைப்படுத்தும் வேலை. மெகா என்னும் இலவச மென்பொருளில் மஸில் என்னும் நிரைப்படுத்தும் முறையைத் தேர்ந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும், ஆனால் நிதானம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். சைட்டோகுரோம்-பி புரதத்தை உருவாக்கும் மரபணு என்பதால் அதன் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. நடுவே ஓரெழுத்து இடைவெளி விழுந்தால் அதன்பின் வரும் வாசிப்பு முழுவதும் பிறழ்ந்துபோகும். ஆகவே நிரைப்படுத்தியதைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முதன்முறை நான் செய்தபோது திரையெங்கும் நட்சத்திரக் குறிகள், அதாவது புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறிகள்! தரவு கெட்டுவிட்டதென்று எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். உண்மையில், முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைத் தேர்வுசெய்ய மறந்திருந்தேன். பொதுக் குறியீட்டில் நிறுத்தமாகிய டி-ஜி-ஏ, மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது.

சரியான குறியீட்டிலும் நடுவில் நட்சத்திரம் தெரிந்தால் அந்த வரிசையைச் சந்தேகியுங்கள். மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் நகல் சில வேளை உட்கருவுக்குள் இடம்பெயர்ந்து, பயனற்றுக் கிடப்பதுண்டு. நம் சிவப்பணுக்களில் இல்லாத உட்கரு பறவைகளின் சிவப்பணுக்களில் இருப்பதால், இரத்த மாதிரிகளில் இந்தப் போலி நகல்கள் எளிதில் சிக்கிக்கொள்கின்றன.

பிறகு பொருத்தமான மாற்றீட்டு மாதிரியை (டி.என்.ஏ எழுத்துகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பதற்கான கணக்கு) மெகாவையே தேடச் சொல்லி, தரவுக்கு மிகப் பொருந்தும் மரத்தைத் தேடும் அதிகபட்ச நிகழ்தகவு முறையில், 1000 பூட்ஸ்ட்ராப் சுற்றுகளுடன் (தரவை மீண்டும் மீண்டும் மறுதேர்வு செய்து மரத்தைச் சோதிப்பது) மரத்தை வரையுங்கள். கிளைகள் பிரியும் கணுவில் தெரியும் எண், அந்தப் பிரிவு நூற்றுக்கு எத்தனை சுற்றுகளில் வந்தது என்பதைக் காட்டும்; அது 70க்குக் கீழே இருந்தால் அந்தக் கிளைப்பிரிவை நம்பி எதையும் எழுத வேண்டாம். இது என் வழக்கம், சிலர் இன்னும் கறாராக இருப்பார்கள்.

மரத்தை நிலவரைபடத்தோடு சேர்த்து வாசியுங்கள். இந்தப் பேரினத்தின் இனங்களில் சோலிகோலா மேஜர் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும், சோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ் அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடைப்பட்ட மலைகளிலும், சோலிகோலா ஆஷம்புயென்சிஸ் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கிலும் வாழ்கின்றன. சோலையை விட்டு இறங்காத பறவைக்குத் தாழ்வான கணவாயும் கடலைப் போன்றதே.

நீங்கள் வரைந்திருப்பது தாய்வழி மரம் மட்டுமே, ஏனெனில் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருகிறது. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால் இந்த மரம் ஒன்றைச் சொல்ல, உட்கரு மரபணுக்கள் வேறொன்றைச் சொல்லக்கூடும். 2017 ஆய்வும் உட்கரு மரபணுக்களையும், இறகு நிறத்தையும், உடல் அளவுகளையும், பாடலையும் சேர்த்தே முடிவுக்கு வந்தது. எனவே கிடைக்கும் உட்கரு மரபணு ஒன்றுக்கு இதே வேலையைத் தனியே செய்து, இரு மரங்களையும் அருகருகே வைத்து, எந்தக் கணுவில் அவை முரண்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.