புதுப்பித்த பள்ளி நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்தைப் புதுப்பிக்கும்போது சுவருக்கும் தரைக்கும் யோசிக்கிற அளவுக்குப் புத்தகத்துக்கு யாரும் யோசிப்பதில்லை. பினாங்கில் உங்கள் பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளியில் அந்த வேலை நடக்கிறதென்றால், திறப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் ஈரம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65 விழுக்காட்டைத் தாண்டினாலே அட்டையிலும் தாளிலும் பூஞ்சணம் பிடிக்கலாம். இது தெரிந்தும் ஜன்னல்களை நிரந்தரமாக அடைத்து ஏர்கான் மாட்டுகிறார்கள். பள்ளி நடக்கும் நாள்களில் சரி. நீண்ட விடுமுறையில் ஏர்கானை நிறுத்திவிட்டு அறையைப் பூட்டினால் என்ன ஆகும்? காற்றே அசையாத அறையில் சில வாரங்களிலேயே புத்தக முதுகுகளில் வெள்ளை படரத் தொடங்கிவிடும். அதனால் திறந்து மூடக்கூடிய ஜன்னல் சிலவாவது இருக்கட்டும். மின்விசிறிகளைக் கழற்ற விடாதீர்கள். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை அறைக்குக் காற்று காட்ட ஓர் ஆள் வேண்டும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். தரைக்கம்பளம் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு ஓடு போட்ட தரைதான் சரி.

அலமாரி செய்யும் குத்தகையாளரிடம் பலகையின் நீளத்தைக் கேளுங்கள். ஒரு மீட்டர் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் எடை இருபது, முப்பது கிலோவுக்குப் போகும். நடுவில் தாங்கல் இல்லாத மலிவான பலகை சீக்கிரமே தொய்ந்துவிடும். மேற்கு ஜன்னலை ஒட்டி அலமாரி வைத்தால் மாலை வெயிலில் அட்டைகள் வெளுத்துப்போகும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது தமிழ்ப் புத்தகங்களின் கதிதான். வேலை தொடங்கும்போது எல்லாம் பெட்டிக்குள் போகும். முடிந்தபின் மலாய், ஆங்கிலப் புத்தகங்கள் முதலில் வெளியே வரும். தமிழ் எழுத்து தெரிந்த ஆள் இல்லையென்றால் தமிழ்ப் பெட்டிகள் ஸ்டோரிலேயே தங்கிவிடும்; வந்தாலும் அறிவியல், வரலாறு, நாவல் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றாகக் குவியும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூவி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று தனி எண்ணே இருக்கிறது. பெட்டி கட்டும் முன்பே தமிழாசிரியரும் மாணவர்களும் உட்கார்ந்து தலைப்புப் பட்டியல் எழுதிவிட்டால் ஒன்றும் தொலையாது. கிழிந்தவை, காலாவதியான பயிற்சி நூல்கள் போகட்டும். எல்லாவற்றையும் கட்டிக்காக்கச் சொல்லவில்லை. ஆனால் எதைக் கழிப்பது என்பதை அந்த மொழி படிக்கத் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். அப்படி வகுப்பு நடக்கும் பள்ளியில் தமிழ் அலமாரி காலியாக இருக்கலாமா?

அப்புறம் பணம். மொத்த நிதியும் சாயத்துக்கும் நாற்காலிக்கும் போய்விட்டால் புதுப் புத்தகம் வாங்க ஒன்றும் மிஞ்சாது. முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

திறந்த பிறகு நடக்கும் பெரிய தவறு, அழுக்காகிவிடும் என்று பூட்டி வைப்பது. இடைவேளையே கொஞ்ச நேரம். அதில் பாதி கேண்டீன் வரிசையில் போய்விடும். ஆகவே பள்ளி முடிந்து பேருந்து வரும் வரையாவது கதவு திறந்திருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். பொறுப்பாசிரியர் வெளியூர் பயிற்சிக்குப் போகும் நாளிலும் மாணவ நூலகர்கள் உள்ளே போக முடிய வேண்டும்.