வெள்ளக் காப்பீடு: சென்னையில் வீடு வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டுக் கடன் வாங்கும்போதே வங்கியில் இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் அந்தப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட வேண்டும். கடனோடு சேர்த்து விற்கப்படுவது பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. அவர் இறந்தால் பாக்கி அடையும். கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. வீட்டுக்கென்றே எடுத்த பாலிசியாக இருந்தாலும், அது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமா, உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜ், பீரோ, மெத்தைக்கும் சேர்த்தா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தள வீடுகளில் முதலில் பாழானவை இந்தப் பொருள்கள்தாம்.

2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. நகைகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். 'சொந்த வீடு இல்லையே' என்று அவர்கள் ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மனையின் விலையையும் சேர்த்துக் காப்பீடு செய்வது வீண் பிரீமியம். வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு.

பணம் கொடுக்கும் பாலிசி தண்ணீரைத் தடுக்காது. தெருவில் தேங்கிய மழைநீர் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். அந்த நீர் குழாய்களை நிரப்பி, தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே கழிவோடு மேலே வருகிறது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கழிவுநீர் இணைப்பில் ஒருவழி வால்வு பொருத்திக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் படியேறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நீரில் நின்றபடி அதைத் தொடவே கூடாது.

தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் அப்படித்தான். எஞ்சினுக்குள் நீர் புகுந்து பழுதானால், எஞ்சினுக்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? சேற்றை வழித்து, ஊறிய மெத்தையையும் மரச்சாமான்களையும் குப்பையில் போட்டுவிட்டுத்தான் காப்பீட்டு நிறுவனத்தை அழைக்கிறார்கள். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்போது பார்க்க எதுவும் இருப்பதில்லை. முதலில் தகவல் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, ஒவ்வொரு பொருள், அதன் மாடல் எண் எல்லாவற்றையும் படமெடுத்த பிறகு துடைப்பத்தை எடுங்கள். பாழான பொருள்களைச் சர்வேயர் பார்க்கும்வரை ஓர் ஓரமாக வையுங்கள். பில்களை இப்போதே படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்தால் அவை நனையாது.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள் என்றாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம்.