ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகிறதா? போன பல்பைத் தூக்கி எறியாதீர்கள்

என் பழைய காரில் மூன்றே மாதத்தில் நான்கு எச்4 பல்ப் (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒன்றிலேயே இருக்கும் ஹெட்லைட் பல்ப்) மாற்றினேன். "நல்ல பல்பா போடுங்க சார்" என்று கடைக்காரர் சொன்னார், விலை கூடியதாகப் பார்த்துப் போட்டேன், அதுவும் போய்ச் சேர்ந்தது. நான்குமே வலது பக்கம் போனவை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதனால் முதல் கேள்வி, எந்தப் பக்கம் போகிறது? ஒரே பக்கம் என்றால் அந்த ஹோல்டர், எர்த் வயர் (பல்பிலிருந்து காரின் பாடிக்குப் போகும் மைனஸ் வயர்), தண்ணீர் கசிவு, இவற்றில் ஏதோ ஒன்று. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதிகமாக வோல்டேஜ் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, போன பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் (லைட்டை அணைத்து நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள், ஹாலஜன் பல்ப் கொதிக்கும்). உள்ளே பால் மாதிரி வெள்ளை படிந்திருந்தால் கண்ணாடியில் எங்கோ விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. சூடான கண்ணாடியில் தண்ணீர் சொட்டினாலும் இப்படி ஆகும், ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா பாருங்கள். கறுப்பாகவோ வெள்ளி பூசினது போலவோ இருந்தால் ஒன்று வயதாகிவிட்டது, இல்லை வோல்டேஜ் அதிகம். ஒரே இடத்தில் கொப்புளம் என்றால் மாட்டும்போது யாரோ கையால் தொட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் நாமேதான். கண்ணாடி பளிச்சென்று இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் அதிர்வு. பல்பைப் பிடிக்கும் கிளிப் லூசாக இருக்கலாம்.

மூன்றாவது, கப்ளர், அதாவது பல்பின் பின்னால் வயரோடு செருகும் ஹோல்டர். இதை அவசரப்படாமல் பாருங்கள், என் காரில் மாட்டியது இங்கேதான். மூன்று ஓட்டைகளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது, உள்ளே இருந்த தகடு விரிந்துபோய் பல்பின் காலைச் சரியாகப் பிடிக்கவில்லை. தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் சூடு ஏறும், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பல்ப் அணைந்து அணைந்து எரியும், கம்பி எத்தனை நாள் தாங்கும்? வயரோடு வரும் செராமிக் ஹோல்டர் வாங்கிச் சால்டர் வைத்துச் சேர்த்தேன். முறுக்கி டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது. 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்ப் போட்டிருந்தால் கப்ளர் உருகுவதில் ஆச்சரியமே இல்லை: 60 வாட் பல்ப் சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது, 100 வாட் 8-க்கு மேல். தனி ரிலேயும் (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) தடிமனான வயரும் இல்லாமல் அதைப் போடவே கூடாது.

நான்காவது, மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும். டிசி 20 வோல்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4 முதல் 12.6 வரை, ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சரி. யாரையாவது ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போங்கள். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும், பேட்டரியும் கூடவே கெடும்.

எர்த்தையும் இதே மீட்டரில் பார்த்துவிடலாம். லைட்டைப் போட்டுவிட்டு ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையைக் கப்ளரின் பின்பக்கமாக எர்த் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட அதிகம்தான். அந்த வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே புது பல்ப். கண்ணாடியைத் தொடாமல் அடியில் இருக்கும் உலோகத்தைப் பிடித்து மாட்டுங்கள், தெரியாமல் கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் போடுங்கள்.