பெரிய டயருக்கு மட்கார்ட் வெட்ட எந்தக் கருவி வேண்டும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய டயர் வேலைக்கு வேண்டிய பொருள். மழை பெய்தால் செம்மண் பாதை களியாகிவிடும். சாதா டயர் சுற்றும், வண்டி நகராது. சேற்றுக்கென்றே வரும் பெரிய மட் டெரெய்ன் டயர் மாட்டினால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் 'கர்ர்' என்று உரசும். உடனே பலரும் இரும்பு வெட்டும் கிரைண்டரைத்தான் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிரைண்டர் கடைசியாக எடுக்க வேண்டிய கருவி.

காரணம் துரு. கிரைண்டர் வெட்டும்போது வரும் சூடு, வெட்டிய இடத்தைச் சுற்றியுள்ள பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் கருக்கிவிடும். நம் ஊர் ஈரத்தில் அந்த விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தோட்டத்து வண்டியில் உர மூட்டையும் ஏற்றுகிறோம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். அது சேற்றோடு கலந்து மட்கார்ட் இடுக்கில் ஒட்டினால் இரும்பை அரித்துவிடும். அதனால் ஒரு கருவி எவ்வளவு வேகமாக வெட்டும் என்பதைவிட, எப்படிப்பட்ட விளிம்பை விட்டுச்செல்லும் என்றுதான் நான் பார்ப்பேன்.

முதல் படி: உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பரவலாக வரும் 265/65R17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ. அதற்குப் பதில் 285/70R17 போட்டால் 831 மி.மீ. ஆகும். சக்கரத்தின் மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் 27 மி.மீ. கூடுகிறது. அகலம் 20 மி.மீ. கூடும்; அதே ரிம் என்றால் அதில் பாதி உள்ளே, பாதி வெளியே. ரிம்மையும் மாற்றி, டயர் வெளியே தள்ளி நிற்கிற மாதிரி ஆஃப்செட் குறைந்ததைப் போட்டிருந்தால், திருப்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போடும். அதிகமாக உரசுவதற்குப் பல நேரம் டயரைவிட ரிம்தான் காரணம். டயர் வாங்குவதற்கு முன்பே இதைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

மட்கார்ட் உட்புறத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் நன்றாக அமுங்கிய நிலையில் அதையே செய்யுங்கள். டேப் கிழிந்த இடம்தான் வெட்ட வேண்டிய இடம். அதற்கு மேல் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டுக் கோடு போடுங்கள். டயரில் களி அப்பிக்கொண்டு தடிமன் கூடும், அதற்கும் இடம் வேண்டும்.

இரண்டாம் படி: பிளாஸ்டிக் பகுதிக்கு

பெரும்பாலும் முதலில் உரசுவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரும் முன் பம்பரின் கீழ் மூலையும்தான். லைனரை வெட்டுவதற்கு முன், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் எடுங்கள். சூடுபட்டால் அந்தப் பிளாஸ்டிக் இளகும்; கையுறை போட்டுப் பின்னால் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிக்காமல் அசைத்துக்கொண்டே இருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

இன்னும் வெட்ட வேண்டுமென்றால் கூரான கட்டர் கத்தி போதும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், கோட்டின் மேல் நாலைந்து தடவை கீறி மடக்குங்கள். பம்பர் மூலை தடிமனாக இருக்கும். அதற்கு மல்டிடூல் நல்லது: பிளேடு சுற்றாது, அதிர்ந்து அதிர்ந்து வெட்டும், அதனால் கை வழுக்காது. ஜிக்சா என்ற மின் ரம்பம் வைத்திருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். கிரைண்டர் இங்கே கூடவே கூடாது.

மூன்றாம் படி: வெளித் தகரத்துக்கு

மட்கார்டின் வெளித் தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. இதற்கு என் முதல் தேர்வு தகரம் வெட்டும் கத்தரி. பிடியின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. சக்கர வளைவுக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டும். சூடு இல்லை, பொறி இல்லை, விளிம்பில் பெயிண்ட் கருகாது. கை வலிக்கும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மடித்த விளிம்பில் தகரம் இரட்டையாக இருக்கும், அங்கே கத்தரி திணறும். அந்த இடத்துக்கு மட்டும் மல்டிடூலில் உலோக பிளேடு போடுங்கள், அல்லது ஜிக்சாவில் அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு. ஜிக்சாவின் அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயிண்டில் கீறல் விழாது. எதை எடுத்தாலும் முதலில் லைனரைக் கழற்றிப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் வயர், பிரேக் குழாய், சிக்னல் விளக்கு வயர் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும்.

கிரைண்டர் தவிர வேறு வழியில்லை என்றால்

100 மி.மீ. கிரைண்டர், 1 மி.மீ. வெட்டும் தட்டு. தட்டின் நடுத்துளை 16 மி.மீ. தானா என்று பாருங்கள். தட்டில் அச்சடித்திருக்கும் சுழற்சி எண் மெஷினுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். கடந்துபோன தட்டை வாங்காதீர்கள். காவல் மூடியைக் கழற்றவே கூடாது. மரம் அறுக்கும் பல் தட்டை இதில் மாட்டுகிறவர்களை நம் ஊரில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. அது உதைத்தால் கைவிரலோ தொடையோ போய்விடும்.

பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகம் முழுக்க மறைக்கும் கவசம், மூடிய சப்பாத்து. கைலியும் சிலிப்பருமாக இந்த வேலைக்கு உட்காராதீர்கள். முன்கண்ணாடியை ஈரத்துணியால் மூடுங்கள்; பொறி பட்டால் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகப் பதிந்துவிடும், பிறகு போகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சக்கரத்துக்கு உட்புறம் பூசிய தார் தீப்பிடிக்கும்.

வெட்டக் கூடாத இடம்

முன்சக்கரத்துக்குப் பின்னால், கால் வைக்கும் பகுதிக்கு முன், தகரங்கள் சேர்ந்து ஒரு விளிம்பாகத் துருத்தி நிற்கும். அவற்றைப் பிடித்திருப்பது அந்த விளிம்பில் உள்ள ஸ்பாட் வெல்டிங். வெட்டினால் தகரங்கள் விட்டுப் பிரியும். இதற்குக் கருவி சுத்தியல்: பழைய சீலரைச் சுரண்டிவிட்டு, மரக்கட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் படியவையுங்கள். பிறகு இணைப்பை அடைக்கும் சீம் சீலர் பூசுங்கள்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ், பாடியை அதோடு இணைக்கும் பாடி மவுண்ட் இவற்றில் டயர் இடித்தால் அது புதியவர் செய்யும் வேலை இல்லை. நல்ல வெல்டரிடம் போங்கள், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றியும் முதலிலேயே விசாரியுங்கள். மட்கார்டை வெட்டிய பிறகு டயர் வெளியே துருத்தி நின்றாலும் சம்மன் வரும்; மட்கார்டை வெளியே அகலப்படுத்தும் ஃபெண்டர் ஃப்ளேர் போட்டு மூடுங்கள்.

கடைசிப் படி: விளிம்பு

அரை வட்ட அரத்தால் பிசிறை எடுங்கள். 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, எபாக்ஸி அல்லது துத்தநாக பிரைமர் இரண்டு பூச்சு. அதன் மேல் வண்டி நிறம். இரண்டு பக்கமும் பூசுங்கள். பின்பக்கம்தான் சேறு தங்குமிடம். பெயிண்ட் முழுக்க இறுகும் முன் வெட்டிய விளிம்பை மூடும் ரப்பர் பட்டையை மாட்டினால் அதற்குள் ஈரம் அடைபடும். அக்டோபர், நவம்பரில் மாலை மழை தவறாமல் வரும், அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையில் தொடங்கி, கூரைக்குக் கீழ் முடித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது என்று பார்த்தால் கட்டர் கத்தி, இரண்டு கத்தரி, அரம், சுத்தியல், பிரைமர். எல்லாம் டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும், ஈப்போ வரை போகத் தேவையில்லை. ஹீட் கன், மல்டிடூல் இரண்டையும் தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள். மிச்சமாகும் காசைப் பெயிண்டில் போடுங்கள்.

முடிந்ததும் பின்னால் வழக்கமான சுமையை ஏற்றி, டேப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மேலே சொன்ன அளவுக்கு டயர் மாற்றியிருந்தால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி சுமார் 107-இல் போகும். நெடுஞ்சாலையில் வேகத்தைப் பிடிக்கும் கேமரா இருக்கும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள்.